ரோஜா வாசனை ஜெல்லியும் மூன்று வருட நம்பிக்கையும்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். கன்னமும் இமையும் சிவந்து தடித்திருந்தன. வறட்சிக்குப் போட்டது பெட்ரோலியம் ஜெல்லி, அதுவும் ரோஜா வாசனை. எரிச்சல் தொடங்கியதும், வறட்சி கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் கெட்டியாக அப்பியிருக்கிறார்.

"மூணு வருஷமா இதேதான் போடுறேன் டாக்டர். ஒத்துக்கலைன்னா அப்பவே தெரிஞ்சிருக்காதா?"

தெரிந்திருக்காது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒரு வாசனைப் பொருளை உடல் எதிரியாகக் குறித்துக்கொள்ள வாரங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். அதுவரை தோல் சமர்த்தாக இருக்கும். குறித்துவிட்டால் கொஞ்சம் பட்டாலே போதும், ஓரிரு நாளில் அரிப்பும் தடிப்பும் வந்துவிடும். உடனே வராததால் ஜெல்லி மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. முந்தாநாள் சாப்பிட்டதைத்தான் திட்டுகிறார்கள். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் கூடவே இருக்கும்.

ஜெல்லி பாவம், அதைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைக்கிறோமே பேட்ச் டெஸ்ட், அதில் பல பொருள்களை வெள்ளை ஜெல்லியில்தான் குழைத்து வைக்கிறோம். அவ்வளவு சாது. வம்பு வாசனையால்தான், வெடித்த தோலில் அது சுலபமாக உள்ளே இறங்கிவிடும்.

சரி, வாசனை இல்லாமல் முடியாது என்பவர்கள் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சின்ன இடத்தில் தினம் இரண்டு வேளை, 7 நாள் போட்டுப் பாருங்கள். ஒன்றும் ஆகாவிட்டாலும் இமை, உதடு, அந்தரங்க உறுப்பு, வெடிப்பு, புண் பக்கம் அது போகவே கூடாது. கைக்குழந்தைக்கு வாசனை ஜெல்லி எதற்கு? தயவுசெய்து வேண்டாம். குளித்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மெல்லிசாகத் தடவினால் போதும். மூக்குக்குள் தினமும் அப்பாதீர்கள், அது நாளடைவில் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்தவர்கள் உண்டு. ஜெல்லி ஊறிய துணியோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள், சட்டென்று பற்றிக்கொள்ளும்.

'அன்சென்டட்' (வாடை தெரியாதது) என்ற எழுத்தையும் நம்பாதீர்கள். வாடையை மறைக்கவே வாசனை சேர்த்திருக்கலாம். 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ' (வாசனைப் பொருளே சேர்க்காதது) என்று இருக்கிறதா பாருங்கள்.

தடிப்பு வந்தால் பூசுவதை நிறுத்திவிட்டு டப்பாவோடு வாருங்கள். மூடியைப் போட்டோ எடுத்து வந்து நீட்டாதீர்கள்; எனக்கு வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல்.