குதித்தால் தெள்ளுப்பூச்சியா?

இந்த மாதத்தில் என்னிடம் இப்படிக் கேட்டு எழுதியவர்களில் இவர் மூன்றாவது ஆள். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதும் வெள்ளைப் பொடிபோல் ஏதோ மிதந்து குதித்ததாம். தெள்ளுப்பூச்சிதான் என்று முடிவுகட்டி, மருந்தடித்து, செடியையும் கருக்கிவிட்டு, அப்புறம் ஒரு மங்கலான போட்டோவை அனுப்பி, "இது என்ன இனம் சார்?" என்கிறார்.

தெள்ளு இல்லை ஐயா, ஸ்பிரிங்டெயில். தெள்ளுக்கு உடம்பு பக்கவாட்டில் நசுங்கியிருக்கும், பின்னங்கால்களால் எகிறும், ரத்தம் குடிக்கும். இதற்கோ வயிற்றடியில் ஒரு கவட்டை, சிறு கொக்கியில் மாட்டி மடங்கிக் கிடக்கும். கொக்கி விட்டதும் அது தரையில் அடிக்க, உடம்பு மேலே போகும். உங்களையும் கடிக்காது, நாயையும் கடிக்காது. ஈரமண்ணில் பூஞ்சையைத் தின்று கிடக்கும். ஆறு கால் இருந்தும், வாயுறுப்புகள் தலைக்குள் ஒளிந்திருப்பதால் பலர் இதைப் பூச்சி வகுப்பிலேயே வைப்பதில்லை. குதிப்பதெல்லாம் தெள்ளு என்றால் தவளையும் தெள்ளுதான்!

சரி, பெயர். வெள்ளையாக, கண்ணில்லாமல் இருந்தால் உடனே 'ஃபோல்சோமியா கேண்டிடா' என்ற ஸ்பிரிங்டெயில் இனம் என்று எழுதிவிடுகிறார்கள். அதே பேரினத்து ஃபோல்சோமியா ஃபிமெட்டாரியாவும் வெள்ளைதான், அதற்கும் கண் கிடையாது. பிரித்தறிய நுண்ணோக்கி ஸ்லைடில் ஏற்றி, கவட்டையின் அடிப்பகுதி மயிர்களையும் பார்க்க வேண்டும். போட்டோவில் அது தெரியாது. கேண்டிடா ஆணில்லாமலே பெருகும். ஃபிமெட்டாரியாவுக்கு ஆண், பெண் இரண்டும் வேண்டும். மண் நச்சுச் சோதனைக்கான ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 232 நெறிமுறையில் சோதனைக் காலம் முன்னதற்கு 28 நாள், பின்னதற்கு 21 நாள். பெயர் மாறினால் சோதனையே பாழ்.

மாணவர்கள் கவனிக்க: 'ஃபோல்சோமியா கேண்டிடா வில்லெம், 1902' என்பதில், பெயர் வைத்தவருக்கும் ஆண்டுக்கும் அடைப்புக்குறி வராது, அவர் வைத்த பேரினத்திலேயே இனம் இன்றும் இருக்கிறது. 'ஃபோல்சோமியா ஃபிமெட்டாரியா (லின்னேயஸ், 1758)' என்பதில் கட்டாயம் வரும். லின்னேயஸ் அதை 'பொடூரா' பேரினத்தில் வைத்திருந்தார், பிறகு இடம் மாறியது. அடைப்புக்குறி அழகுக்குப் போடுவதல்ல. எத்தனை ஆய்வேடுகளில் திருத்துவது!

மாதிரி அனுப்புவதானால் செலோடேப்பில் ஒட்டாதீர்கள், காயவிடாதீர்கள். நனைந்த தூரிகையால் தொட்டெடுத்து, 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். எடுத்த இடத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். தயவுசெய்து, மருந்தடிப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.