கடலோரக் கடை எழுத்துக்கு எந்தப் பசை?

கடை முகப்பில் பெயர் எழுத்துகளை ஒட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நல்லா ஸ்ட்ராங்கான கம் எதுண்ணே?" என்பதுதான். எழுத்து கழன்று விழுந்தபின் வருகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். விழுந்த எழுத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பல நேரம் பசை எழுத்தின் முதுகில் அப்படியே இருக்கும். அதன்மேல் சுவர் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்திருக்கும். பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. பெயிண்ட்தான் சுவரை விட்டுவிட்டது.

சென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் இது சகஜம். சுண்ணாம்பு, அதற்குமேல் டிஸ்டம்பர், அதற்குமேல் எமல்ஷன் என்று அடுக்கடுக்காக அடித்திருப்பார்கள். அதனால் பசை வாங்குவதற்கு முன்னால் சுவரில் பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால், எழுத்து உட்காரும் இடத்தை மட்டுமாவது சிமெண்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டியே ஆக வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலைப் பார்த்த சுவராக இருந்தால் விரலால் தடவும்போதே பிசுபிசுக்கும். அது உப்பு. அதன்மேல் எதை ஒட்டினாலும் உப்பின்மேல்தான் ஒட்டுகிறீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். புதுப் பூச்சு என்றால் நாலு வாரமாவது பொறுங்கள்.

சரி, இனி பசை. வெளியில் ஒட்ட நான் முதலில் எடுப்பது சிலிக்கான்தான். வெயிலும் மழையும் அதை அவ்வளவு சீக்கிரம் கெடுப்பதில்லை. ஆனால் சிலிக்கானில் இரண்டு வகை உண்டு. போடும்போது புளித்த வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை. காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். கண்ணாடிக்கு அது போதும். சிமெண்டில் போட்டால் அந்த அமிலம் சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து ஒட்டிய இடத்தையே பலவீனமாக்கும். பிறகு பட்டை பட்டையாகக் கழன்று வரும். உள்ளே எல்.இ.டி. வைத்த எழுத்தென்றால் இன்னும் மோசம். அமில ஆவி உள்ளேயே அடைந்து, செம்பு ஒயர் முனைகள் பச்சைப் பிடித்துப் போகும். பாதி எழுத்து எரியவில்லை என்று புகார் வரும்போது எலக்ட்ரீஷியனைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். இன்னொரு வகை அந்த அமிலத்தை விடாதது, டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். முகப்பு கிரானைட்டாக இருந்தால் அதிலும் கல்லுக்கென்று வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண சிலிக்கானின் எண்ணெய் கல்லில் ஊறிவிட்டால் அந்தக் கறை போகவே போகாது.

அரால்டைட் மாதிரி எபாக்ஸி கல்லாட்டம் இறுகுமே, அது போதாதா என்று கேட்பார்கள். இறுகுவதுதான் அதில் பிரச்சினை. எழுத்து வெட்டும் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஒரு மீட்டர் நீளம் இருந்தால், 30 டிகிரி சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும். சிமெண்ட் சுவர் அதே சூட்டில் அரை மில்லிமீட்டர்கூட நீளாது. காலையில் குளிர்ந்து, மதியம் காய்ந்து, திடீர் மழையில் சட்டென்று ஆறி, இந்த இழுபறி தினமும் நடக்கும். வளைந்து கொடுக்காத பசை ஒருநாள் விரிசல் விடும். நொடியில் ஒட்டும் 'குயிக்' பசைகளுக்கும் இதே கதிதான். சிலிக்கான் ரப்பர் மாதிரி இழுபடும். அதற்கும் இழுபட இடம் வேண்டும். எழுத்தைச் சுவரோடு நசுக்கி அழுத்தாமல் பசைக்கு 2, 3 மி.மீ. கனம் விடுங்கள்.

போடும் விதமும் முக்கியம். எழுத்தின் ஓரத்தைச் சுற்றி வட்டமாக அடைத்துப் போடுகிறவர்கள் நிறைய. சிலிக்கான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் காயும். சுற்றி அடைத்துவிட்டால் உள்ளே இருப்பது நாள்கணக்கில் பச்சையாகவே கிடக்கும், மழைத்தண்ணீரும் உள்ளே தேங்கும். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் போட்டால் காற்றும் போகும், தண்ணீரும் வடியும்.

டபுள் டேப்பைப் பொறுத்தவரை, பேன்சி கடையில் கிடைக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச் டேப் வெளிவேலைக்கு ஆகாது. அக்ரிலிக் ஃபோம் டேப் வேறு ரகம். ஏசிபி ஷீட் (இருபுறமும் அலுமினியம் ஒட்டிய பலகை), கண்ணாடி மாதிரி வழவழப்பான பரப்பில் நன்றாக நிற்கும். சொரசொர சிமெண்டில் நிற்காது. ஒரு கிலோ எடைக்கு 55 சதுர செ.மீ. டேப் என்பது கணக்கு, அதாவது ஓர் அங்குல டேப்பில் சுமார் 22 செ.மீ. நீளம். அது முழுப் பிடிமானத்துக்கு வர 72 மணி நேரம் ஆகும். ஏசிபி-யின் மேல் இருக்கும் பாதுகாப்பு பிலிமை உரித்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதை மறந்து பிலிமின் மேலேயே ஒட்டிய போர்டுகளும் உண்டு. துடைப்பதற்குத் தின்னர் வேண்டாம், அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விடும்.

ஆள் நடக்கும் இடத்துக்கு மேலே, கனமான ஸ்டீல் எழுத்தோ ஆழமான பெட்டி எழுத்தோ என்றால் பசையை மட்டும் நம்பி நான் ஏற்றுவதில்லை. எழுத்தின் முதுகில் ஸ்டட் என்னும் கம்பி முளை வைத்து, சுவரில் துளை போட்டு, துளைக்குள் நியூட்ரல் சிலிக்கான் விட்டுச் செருக வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அடியைப் பார்த்த ஊர் இது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவே ஓர் எழுத்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். ஸ்டட்டும் இரும்பாக இருக்கக்கூடாது. உப்புக்காற்றில் துருப்பிடித்து, சுவரில் பழுப்புக் கோடாக வழியும். கடலுக்குப் பக்கத்தில் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். 304 கூட அங்கே கறை கட்டும்.

அப்புறம், திறப்பு விழா. நாளைக் காலையில் நல்ல நேரம், இன்று ராத்திரி போர்டை மாட்டுங்கள் என்பார்கள். சிலிக்கான் ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் காயும். குறைந்தது மூன்று நாள் முன்னால் சுவரைக் கொடுங்கள். மழை நாளாக இருந்தால் அதற்கும் முன்னால். அதுவரை எழுத்துகளுக்கு மாஸ்கிங் டேப் முட்டுக் கொடுத்து வைத்திருப்போம், பார்க்க நன்றாக இருக்காது, பிரித்துவிடச் சொல்லாதீர்கள்.