12 மைலுக்கு வெளியே போக பாஸ்: காசு கொடுக்காதீர்கள், படகு யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள மீன் நம் நாட்டுக்கு என்றது 1976ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டுக் கப்பல்கள் அனுமதியில்லாமல் அங்கே மீன் பிடிக்கக் கூடாது என்றது 1981ஆம் ஆண்டுச் சட்டம். நம் படகுகளுக்கு 12 மைல் வரை மாநில விதி உண்டு, அதற்கு அப்பால் எப்படித் தொழில் செய்வது என்று மத்திய அரசு 2025 நவம்பர் 4 அன்று விதிகள் போட்டிருக்கிறது. பின்னணி இவ்வளவு போதும்.

அந்த விதிகளின்படி 12 மைலுக்கு அப்பால் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு, அதாவது பாஸ், வேண்டியது விசைப்படகுகளுக்கும், பெரிய மோட்டார் படகுகளுக்கும்தான். நாட்டுப்படகு, வள்ளம், சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு விலக்கு. உங்களிடம் யாராவது வந்து "இனி எல்லாருக்கும் பாஸ் கட்டாயம், பேரைக் கொடுங்க, பணத்தைக் கொடுங்க" என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

விசைப்படகுக்கும் இது இலவசம். மீன்பிடிப் படகுகளைப் பதிவு செய்யும் ரியல்கிராஃப்ட் என்ற அரசு இணையதளத்தில் உங்கள் படகின் பதிவு விவரத்தை வைத்து நீங்களே விண்ணப்பிக்கலாம், எந்த அலுவலகத்துக்கும் காகிதம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. சரி, சிக்கல் எங்கே? அந்தப் பதிவு விவரத்தில்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் எட்டு வருடம் முன்பு பழைய விசைப்படகு ஒன்றை வாங்கினார். எழுதியது முத்திரைத்தாளில். பெயர் மாற்றவில்லை, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விற்றவரும் சொல்லிவிட்டார். இப்போது விற்றவர் உயிரோடு இல்லை, வாரிசுகள் மூன்று பேரில் ஒருவர் சவுதியில். இவர் அந்த முத்திரைத்தாளை பாலித்தீன் கவரில் சுற்றிக்கொண்டு மீன்வளத் துறை அலுவலகம் போனால் "ஆன்லைன்ல போடுங்க" என்கிறார்கள், பிரவுசிங் சென்டர் போனால் "ஓனர் பேர்லதான் வருது, ஆபீஸ்ல கேளுங்க" என்கிறார்கள். மூன்று நாள் தொழில் போனதுதான் மிச்சம்.

ஆகவே பாஸைப் பற்றி யோசிக்கும் முன் பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். பெயர் உங்களுடையதா? இனிஷியல் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா? இன்ஜின் மாற்றியிருந்தால் புது எண் ஏறியிருக்கிறதா? படகின் நீளம் சரியா? விற்றவர் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். திருத்தம் கேட்டு வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், மனுவாக எழுதிக் கொடுத்து உங்கள் நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். நாளைக்கு "நீங்க வரவே இல்லையே" என்று சொன்னால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

பாஸ் கையில் இருந்தாலும் இரட்டைமடியும் (இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுப்பது) எல்இடி விளக்கு வைத்துப் பிடிப்பதும் தடைதான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடையும் அப்படியே இருக்கிறது.

ராமேசுவரம், புதுக்கோட்டை, நாகை பக்கத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. 200 மைல் என்று கேட்டுவிட்டு ஏமாறாதீர்கள். நமக்கும் இலங்கைக்கும் நடுவே 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட கோடுதான் எல்லை, இந்த பாஸ் அதை ஒரு அடிகூட நகர்த்தாது. அந்தப் பக்கம் பிடிபட்டால் அவர்கள் சட்டம், 2018இல் அபராதத்தைப் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள், படகும் போகும். டிரைவரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள், ஏனென்றால் பல நாள் ஓனர் படகிலேயே இருப்பதில்லை.