ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது, சரி. கணக்கு சரியா?

இந்த முறை ஓர் இளைஞர் வேலையையே இழந்திருக்கிறார். சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வங்கி அறிக்கையின் இருப்பும் பேரேட்டின், அதாவது நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தின், இருப்பும் ஒத்துப்போகவில்லை, மாதக் கணக்கை முடிக்கும் நாளோ நெருங்கிவிட்டது. வித்தியாசத் தொகையைத் தூக்கி, காரணம் தெரியாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு "டேலி ஆகிவிட்டது சார்" என்று சொல்லிவிட்டார். ஒரே சப்ளையர் பில்லுக்கு வங்கியிலிருந்து இரண்டு முறை பணம் போயிருக்கிறது, புத்தகத்தில் ஒரு முறைதான் பதிவு. வித்தியாசம் அதுதான். பல மாதங்கள் கழித்துத் தணிக்கையில் இது வெளியே வந்தது. அவர் ஒரு காசும் எடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பதிவில் இருந்தது அவருடைய பெயர்.

கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுப்பதும், புதிதாக வருபவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதும் என் அன்றாட வேலை. இதே தவறை வேறு வேறு ஆட்களிடம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நேர்காணலுக்கு வருபவர்களிடம் "உங்கள் வேலை என்னவாக இருக்கும்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "என்ட்ரி போட வேண்டும், டேலி ஆக வேண்டும்." எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு இருக்க வேண்டும் என்ற இரட்டைப் பதிவு முறையை லூகா பசியோலி 1494இல் வெனிஸில் அச்சில் விளக்கிவிட்டார். கையால் எழுதிய காலத்தில் ஒரு பக்கம் எழுதி மறுபக்கத்தை மறப்பது நடக்கும், கூட்டலில் தவறுவதும் நடக்கும். அதைப் பிடிக்கத்தான் இருப்பாய்வு, அதாவது ட்ரையல் பேலன்ஸ்: எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைப் பட்டியலிட்டு, இரு கூட்டுத்தொகையும் சமமா என்று பார்ப்பது. இன்றைய மென்பொருள்களோ பொதுவாக இரு பக்கமும் சமமாக இல்லாத பதிவை ஏற்பதே இல்லை. ஆக, ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆவதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. அது எப்படியும் டேலி ஆகும்.

ஒரு பில்லையே பதியாமல் விட்டால்? டேலி ஆகும். அதே பில்லை இரண்டு முறை பதிந்தால்? அப்போதும் ஆகும். 5,400 என்பதை இரு பக்கமும் 4,500 என்று அடித்தால்? அதுவும் ஆகும். புதிய இயந்திரம் வாங்கியதைப் பழுதுபார்ப்புச் செலவில் எழுதினால் டேலி ஆவதோடு, இந்த ஆண்டின் லாபம் குறைந்து, சொத்துப் பட்டியலில் இயந்திரமே இல்லாமல் போய், வரும் ஆண்டுகளின் தேய்மானமும் தவறாகும். விடு பிழை (பதியாமல் விடுவது), விதிப் பிழை (சொத்தைச் செலவாக எழுதுவது போன்றது), ஈடுசெய் பிழை (ஒரு தவறை இன்னொரு தவறு ஈடுகட்டுவது) என்று பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அவை எல்லாம் டேலி ஆன கணக்குக்குள் வசதியாக உட்கார்ந்திருப்பவை. தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படியானால் தொடக்கநிலைக் கணக்கரின் வேலை என்ன? எழுதப்பட்டது உண்மையில் நடந்ததா என்று பார்ப்பது. கொள்முதல் பில் வந்தால் ஆர்டரையும், சரக்கு வந்து சேர்ந்த ரசீதையும், பில்லையும் பக்கத்தில் வைத்து அளவும் விலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பிய பணத்தை எந்த பில்லுக்கு என்று சேர்க்க வேண்டும். சில்லறை ரொக்கம், சப்ளையர் அறிக்கை, மாத முடிவில் பில் வராத செலவுகளுக்கான ஒதுக்கீடு எல்லாம் உண்டு. அப்புறம் வங்கிச் சரிகட்டும் பட்டியல், அதாவது வங்கி அறிக்கையையும் நம் புத்தகத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் காட்டும் பட்டியல். அதில் வித்தியாசம் வந்தால் பயப்படாதீர்கள். 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், அது பக்கம் மாறி விழுந்திருக்கலாம். தேடினால் கிடைக்கும். தேடுவதற்குத்தான் சம்பளம்.

தகுதி பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். வணிகவியல் பட்டம் உதவும். கணிதத்தில் புலியாக இருக்க வேண்டியதில்லை, கூட்டல், கழித்தல், சதவீதம் போதும். எந்த மென்பொருளையும் சில வாரங்களில் பழகிவிடலாம். எக்செல் மட்டும் உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். அது எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், 16ஆவது பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களையும் விழுங்கிவிடும். வங்கிக் கணக்கு எண்களை உரை வடிவில் வைக்காமல் ஒட்டிவிட்டு, பணம் ஏன் போகவில்லை என்று கேட்பவர்களை நான் பார்க்காத மாதம் குறைவு. நேர்காணலில் நான் தேடுவது வேறு: "எனக்குப் புரியவில்லை, இந்தத் தொகை எதற்கு?" என்று கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்த ஆள்.

வேலையில் சேர்ந்துவிட்டீர்களா? வவுச்சர் (பில், ரசீது போன்ற ஆதாரம்) இல்லாமல் பதியாதீர்கள். யார் சொன்னாலும் சரி. வாய்மொழியாகச் சொன்னால் மின்னஞ்சலில் கேளுங்கள். உங்கள் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், அவசரம் என்றாலும், மேலதிகாரி என்றாலும். உங்கள் பெயரில் விழும் பதிவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால் உடனே மாற்றாதீர்கள். அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணை அழைக்காமல், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணை அழைத்துக் கேளுங்கள். இந்த மோசடியில் போன பணம் திரும்புவது கடினம். சஸ்பென்ஸில் எதையாவது போட்டே ஆக வேண்டும் என்றால், என்ன தொகை, எந்தத் தேதி, ஏன் என்று எழுதி, அன்றைக்கே மேலாளருக்குச் சொல்லுங்கள். தயவுசெய்து, மறைத்து மட்டும் வைக்காதீர்கள். வித்தியாசம் இருக்கிறது என்று சொன்னதற்காக ஒருவரை யாரும் நீக்கி நான் பார்த்ததில்லை.

மேலாளர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் அனுப்புபவரையே வங்கிக் கணக்கைச் சரிபார்க்கவும் வைக்காதீர்கள். ஆள் குறைவு என்றால் வங்கிச் சரிகட்டும் பட்டியலை மாதம் ஒருமுறை நீங்களே வரிவரியாகப் படித்துக் கையெழுத்திடுங்கள். புதிதாக வந்தவர் கேள்வியோடு உங்கள் மேசைக்கு வரும்போது "முதலில் டேலி பண்ணிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர் டேலி பண்ணிக்கொண்டுதான் வருவார்.