இவ்வளவு ஓடின மனுஷனுக்கு எப்படி?

2020 நவம்பர் 3. கால்பந்து வீரர் டியேகோ மரடோனாவின் தலைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, உடனே அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள் என்று அர்ஜென்டினாவிலிருந்து செய்தி வந்தது. அவருக்கு 60 வயது நிறைந்து நான்கே நாள் ஆகியிருந்தது. அங்கே மருத்துவமனை வாசலில் ரசிகர்கள் கொடிகளோடும் பதாகைகளோடும் கூடி நின்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடி தொடங்கி வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, தூத்தூர் என்று வரிசையாகக் கிடக்கும் கடற்கரை ஊர்களில் இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் எழும் கேள்வி "உள்ளதா?" என்பதுதான். உள்ளதுதான் என்று தெரிந்ததும் அடுத்தது வரும்: "இவ்வளவு ஓடின மனுஷனுக்கு எப்படி இது வரும்?"

உலகக் கோப்பை வந்தால் வீதி முழுக்க அர்ஜென்டினாவும் பிரேசிலும் கொடியாகப் பறக்கிற ஊர்கள் இவை. மணலில் பந்து உதைத்தே வளர்ந்த பிள்ளைகள். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்திய அணி வரை போனவர். அதனால் இங்கே இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு ஓட்டம் என்றால் என்ன, உடம்பு என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். 2018 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசனுக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டபோதும், 2023 ஜூலையில் அதே அணியின் பழைய கோல்கீப்பர் எட்வின் வான் டெர் சாருக்கு வந்தபோதும் உலகம் முழுக்க ரசிகர்களை இதே கேள்விதான் அலைக்கழித்தது. இதை ஒரு நல்ல மருத்துவக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பதில் தேடுவோம்.

மூளையில் இரத்தக்கசிவு என்று செய்தியில் ஒரே வரியாக வந்தாலும், கசிவது எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து நோயே வேறாகிவிடும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மூன்று உறைகள் இருக்கின்றன. வெளியே இருப்பது டியூரா, தடித்த உறை. அதன் அடியில் அரக்னாய்டு என்ற மெல்லிய சவ்வு. மூன்றாவது, மூளையின் மேல்பரப்போடு ஒட்டிக்கிடக்கும். மூளையிலிருந்து அசுத்த இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சின்னச் சின்னச் சிரைகள் இந்த உறைகளைக் கடந்து டியூராவில் இருக்கும் பெரிய இரத்தக் கால்வாயில் போய்ச் சேர்கின்றன.

வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும். நீண்ட காலம் மது குடித்தவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூளை சுருங்கினால் அந்தச் சிரைகள் இழுபட்டு விறைப்பாக நிற்கும். அப்போது கதவு நிலையில் தலை இடித்தாலே ஒன்று அறுந்துபோகலாம். சிரையில் அழுத்தம் குறைவு என்பதால் இரத்தம் பீறிட்டு வராது. டியூராவின் அடியில் நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், மெல்லக் கசிந்து தேங்கும். மரடோனாவுக்குக் கண்டுபிடித்தது டியூராவுக்கு அடியில் தேங்கிய இந்த வகை இரத்தக்கட்டைத்தான்.

இதன் அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. விடாத தலைவலி, நடையில் தள்ளாட்டம், மறதி, பேச்சில் குழப்பம், எந்நேரமும் தூக்கக் கலக்கம். வீட்டில் "வயசாச்சுல்லா" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். எப்போதோ விழுந்ததோ இடித்ததோ யாருக்கும் ஞாபகமே இருக்காது. ஆனால் சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மண்டையோட்டில் சிறு துளை போட்டுத் தேங்கிய இரத்தத்தை வடித்துவிட்டால் பலர் பழையபடி நடமாடத் தொடங்கிவிடுவார்கள். மரடோனாவின் அறுவையும் நல்லபடியாகவே முடிந்தது. நவம்பர் 11 அன்று மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார். ஆனால் 25ஆம் தேதி இறந்துபோனார். அதற்குக் காரணம் இதயம். அதைப் பிறகு பார்ப்போம்.

வான் டெர் சாரின் கதை வேறு. விளையாட்டை விட்டு 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது 52. குரோஷியாவில் விடுமுறையில் இருந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார், நிலை சீராக இருக்கிறது என்று நெதர்லாந்தின் அயாக்ஸ் கால்பந்துக் கழகம் அறிவித்தது. 2008-09 பருவத்தில் பிரீமியர் லீக்கில் தொடர்ந்து 1,311 நிமிடம் ஒரு கோல்கூட விடாத மனிதர். 2008 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் செல்சி அணியின் அனெல்கா அடித்த பெனால்டியைத் தடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அந்த அறிவிப்பின் ஒவ்வொரு சொல்லையும் ரசிகர்கள் திரும்பத் திரும்ப வாசித்ததில் வியப்பில்லை. சீராக இருக்கிறார் என்றால் பிறகு எதற்கு ஐசியூ?

மூளையைச் சுற்றிக் கசிவு என்றால் மருத்துவர்கள் முதலில் தேடுவது தமனியில் ஒரு வீக்கத்தை. மூளையின் அடிப்பக்கம் தமனிகள் ஒரு வளையம்போலச் சேர்ந்து, அங்கிருந்து கிளை பிரிகின்றன. கிளை பிரியும் முனையில்தான் இரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் வந்து மோதும். உடம்பின் மற்றத் தமனிகளைவிட மூளைத் தமனிகளுக்குச் சுவர் மெல்லியது. மற்ற இடங்களில் சுவரின் வெளிப்பக்கம் இருக்கும், இழுத்தால் மீளும் படலம் இங்கே கிடையாது. வருஷக்கணக்கில் மோதல் பட்டு அந்த முனை பலமிழந்தால், தையல் விட்ட பழைய பந்தில் பிளாடர் பிதுங்குவதுபோல அங்கே சுவர் வெளியே பிதுங்கும். பிதுக்கம் பெரிதாக ஆக சுவர் இன்னும் மெலியும், சுவரை இழுக்கும் விசையோ இன்னும் கூடும்.

பெரியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 3 பேருடைய தலையில் இப்படி ஒரு பிதுக்கம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுசு முழுக்க வெடிக்காது, இருப்பதே தெரியாது. உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, இவை அபாயத்தைக் கூட்டும். வெடித்தால் இடி விழுந்ததுபோலத் தலைவலி வரும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். ஆயுசில் இப்படி ஒரு தலைவலி வந்ததில்லை என்று நோயாளியே சொல்வார். கூடவே வாந்தி, கழுத்துப் பிடிப்பு, சிலருக்கு நினைவிழப்பு. இந்த வகைத் தலைவலிக்கு மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்ளவே கூடாது.

இனி ஐசியூ விஷயம். வெடித்த இடம் முதல் 24 மணி நேரத்தில் மறுபடி வெடிக்கும் அபாயம் மிக அதிகம். அதனால்தான் மண்டையைத் திறந்து கிளிப் போட்டோ, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பிதுக்கத்துக்குள் பிளாட்டினம் சுருளை நிரப்பியோ அடைக்கிறார்கள். அடைத்தாலும் வேலை முடியாது. வெளியே சிந்திய இரத்தம் சிதையும்போது உண்டாகும் பொருள்கள் பக்கத்துத் தமனிகளை உறுத்தி, அவை இறுகத் தொடங்கும். ஏறக்குறைய 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை இந்த அபாயம் உண்டு. தமனி இறுகினால் மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் குறைந்து, தப்பித்தவருக்குப் பக்கவாதம் வந்துவிடலாம். ஆகவே எழுந்து உட்கார்ந்து பேசுகிறவரைக்கூட இரண்டு வாரம் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள். சீராக இருக்கிறார் என்றால் மூச்சும் இரத்த அழுத்தமும் நினைவும் மோசமாகவில்லை என்றே பொருள். ஆபத்து முழுக்கக் கடந்துவிட்டது என்று பொருள் இல்லை. வான் டெர் சாரும் பிறகு தந்த செய்தியில் இன்னும் ஐசியூவில்தான் இருக்கிறேன், ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லை என்றே சொன்னார். நல்லபடியாக மீண்டு வந்தார்.

சரி, ஓடிய உடம்புக்கு வருவோம்.

ரசிகர்களின் உள்ளுணர்வில் பாதி உண்மை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரின் இறப்புப் பதிவுகளைக் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் பொதுமக்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு போன்ற இதய நோயாலும் நுரையீரல் புற்றாலும் வீரர்கள் இறப்பது குறைவாகவே இருந்தது. 70 வயது வரை மொத்த இறப்பும் குறைவு. ஆக ஓட்டம் காப்பாற்றத்தான் செய்கிறது. ஆனால் அதே ஆய்வில், மறதி நோய் முதலான மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடையே மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. பந்தைத் தலையால் முட்டுவதன்மேல் இருந்த சந்தேகம் இதற்குப் பிறகு இன்னும் பலமானது.

மறுபாதி இதுதான்: விளையாடிய காலத்தில் சேர்த்த உடல்திறன் ஓட்டத்தை நிறுத்தியதும் கரைந்துவிடும். பயிற்சியை விட்ட சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்குகிறது. சில வாரங்களில் உடம்பு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் கண்கூடாகக் குறைகிறது. பயிற்சியால் இறங்கியிருந்த இரத்த அழுத்தமும் பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறது. நம் ஊரிலேயே பார்க்கலாம். இருபது வயதில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் பாய்ந்து திரிந்தவர், கல்யாணம் ஆகி, படகு, வேலை என்று போனபின் பந்தைத் தொடுவதே இல்லை. சாப்பாட்டின் அளவு மட்டும் பந்து விளையாடிய காலத்ததுதான். தமனிக் கிளையில் இருக்கும் பிதுக்கத்துக்கோ அவர் எத்தனை கோல் அடித்தார் என்பது தெரியாது. அழுத்தம் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

மரடோனாவின் பிரேதப் பரிசோதனையில் விரிந்து பலவீனமான இதயமும், நீர் கோத்த நுரையீரலும் இருந்தன. விளையாட்டு வீரரின் இதயமும் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் அது வலுவாகச் சுருங்கும், பயிற்சியை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய அளவை நோக்கித் திரும்பும். நோயால் விரிந்த இதயம் அப்படியில்லை. தசை தளர்ந்து, வரும் இரத்தத்தை முழுதாக வெளியே தள்ள முடியாமல், பின்னால் நுரையீரலில் தேக்கம் ஏற்பட்டு நீர் கோக்கும். மதுவும் கோக்கைனும் இதய தசையை நேராகவே தாக்கக்கூடியவை. தன் கோக்கைன் பழக்கத்தை மரடோனாவே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். "அவரே கெடுத்துக்கிட்டார், என்ன செய்ய" என்று சிலர் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிமைப்பழக்கம் ஒரு நோய். ஒரு நோய் இன்னொரு நோய்க்கு வழிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும்.

2012இல் மரடோனா கேரளத்தின் கண்ணூருக்கு வந்துபோனார். அவர் மறைந்தபோது கேரள விளையாட்டுத் துறையில் இரண்டு நாள் துக்கம் அனுசரித்தார்கள். எல்லைக்கு இந்தப்புறமும் சொந்தத்தில் ஒருவர் போனதுபோல அழுதவர்கள் உண்டு. முகம் தெரியாத ஆளுக்காகவா இந்த அழுகை என்று கேலி செய்வது அறியாமை. 1956இலேயே ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், திரையில் அடிக்கடி பார்க்கும் மனிதரிடம் நமக்கு ஒருதலை உறவு உண்டாகிறது என்று எழுதினார்கள். திரையில் வரும் முகத்துக்கென்று மூளையில் தனி அறை கிடையாது. அண்ணன் முகத்தைப் பழக்கிக்கொண்ட அதே வழியில்தான் அந்த முகமும் பழகுகிறது. அப்பாவோடு விடிய விடிய உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தின் நினைவு அந்த வீரரோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே கெட்ட செய்தி கேட்டதும் அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது, அழுத்தம் ஏறுகிறது.

இது நிஜமாகவே இதயத்தைத் தாக்கக்கூடும். 2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் பகுதியில், ஜெர்மனி ஆடிய நாள்களில் அவசர இதயப் பிரச்சினைகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு அதிகமாக இருந்தன என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கே அபாயம் மிக அதிகம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் ஆட்ட நாளிலும் துக்க நாளிலும் அதை மறக்கவே கூடாது.

என் கவலையெல்லாம் கடலில் இருப்பவர்களைப் பற்றியது. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் வெளியே கிடக்கும். கரையில் முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை ஒன்று தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குளறினாலோ 108ஐ அழைத்து சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகலாம். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லையோர ஊர்களுக்குத் திருவனந்தபுரமும் பக்கம். கடலில் அது நடந்தால் வயர்லெஸ்ஸில் உடனே சொல்லவேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. மருந்துப் பெட்டியில் ஆஸ்பிரின் இருந்தாலும் கொடுக்காதீர்கள். பக்கவாதம் இரத்தக்கட்டு அடைப்பாலும் வரும், கசிவாலும் வரும். வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைக் கூட்டிவிடும். வாய்வழி தண்ணீரோ சாப்பாடோ கொடுக்கக் கூடாது, புரையேறும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கடலுக்குப் போகும் முன்னே பிரஷர் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். திரும்பத் திரும்ப 140/90க்கு மேலே காட்டினால் மருத்துவரைப் பார்த்தாகவேண்டும். மாத்திரை தந்திருந்தால் படகில் இருக்கும் நாள்களுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகவேண்டும்.

இன்னொன்று, அந்த நேரத்தில் எல்லோரும் மறப்பது. அந்த ஆள் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று யாராவது ஒருவர் குறித்து வைக்கவேண்டும். அடைப்பாக இருந்தால் இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். மருத்துவமனை வாசலில் மருத்துவர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.