டிரெய்லர் மாட்டினால் குறையும் மைலேஜ், மாட்டாமலே குறையும் மைலேஜ்

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்து அடிக்கடி சொல்வது இது: "வெறும் வண்டியா ஓட்டினா லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தருது. டிரெய்லர் மாட்டினா 5 தாண்ட மாட்டேங்குது. இன்ஜெக்டர் போயிடுச்சா, டர்போ போயிடுச்சா?" பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. உயரமான பெட்டி டிரெய்லரை நெடுஞ்சாலை வேகத்தில் இழுத்தால் மைலேஜ் பாதியாவது இயல்பு. ஆனால் அதே வண்டி, டிரெய்லர் இல்லாமல் ஓடும்போது 10-லிருந்து எட்டரைக்கு இறங்கியிருந்தால் அதைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்குக் கவலை தருவது அந்த எட்டரைதான்.

முதலில் இழுவையைப் பார்ப்போம். மைலேஜைத் தின்பது எடைதான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சமதரையில் சீரான வேகத்தில் போகும்போது எடையின் பங்கு நினைப்பதைவிடக் குறைவு. 3 டன் டிரெய்லரின் டயர்கள் உருளுவதற்குத் தேவையான இழுவிசை சுமார் 30 கிலோ அளவுதான். அதே டிரெய்லர் பிக்கப்பின் கூரையைவிட உயரமாக, தட்டையான முகத்தோடு இருந்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும் விசை 100 கிலோவைத் தொட்டுவிடும். அதனால்தான் பெட்டி டிரெய்லரைக் காலியாக இழுத்து வந்தாலும் மைலேஜ் அவ்வளவாகத் தேறுவதில்லை. தாழ்வான தட்டு டிரெய்லரில் அதைவிடக் கனமான சரக்கு ஏற்றியவர் நல்ல மைலேஜ் சொல்வார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 90-லிருந்து 110-க்குப் போனால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. வெறும் பிக்கப்பில் இந்த வித்தியாசத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். பின்னால் ஒரு சுவரையே இழுத்துக்கொண்டு போகும்போது தாங்காது. டிரெய்லரோடு போகும்போது மைலேஜ் கூட்ட ஒரே ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டால், வேகத்தைக் குறையுங்கள் என்பேன். எரிபொருளில் ஊற்றும் எந்தப் புட்டி மருந்தும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

எடை தன் வேலையைக் காட்டுவது மேட்டிலும் பிரேக்கிலும்தான். 3 டன் டிரெய்லரை 100 மீட்டர் உயரம் ஏற்ற, அந்த டிரெய்லருக்காக மட்டுமே கால் லிட்டர் அளவு டீசல் செலவாகும். வண்டியும் டிரெய்லருமாக 6 டன்னை நிற்கும் நிலையிலிருந்து 90 வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 150 மில்லி. பிரேக் போட்டு நிறுத்தினால் அவ்வளவும் சூடாகிக் காற்றில் போய்விடும். முன்னால் சிக்னல் சிவப்பாகத் தெரிந்தவுடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே உருள விடுங்கள். அப்போது இன்ஜெக்டர்கள் டீசலை அடியோடு நிறுத்திவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்பது தவறான, ஆபத்தான பழக்கம். நியூட்ரலில் ஐட்லிங்குக்காக டீசல் எரிந்துகொண்டே இருக்கும். எஞ்சின் பிரேக்கிங்கும் கிடைக்காது.

சுமையோடு மேல் கியரிலேயே, குறைந்த ஆர்.பி.எம்.மில் எஞ்சினை முக்க விடுபவர்களும் உண்டு. ஆர்.பி.எம். குறைந்தால் டீசல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை. லேசான சுமைக்கு அது ஓரளவு சரி. மேட்டில் டிரெய்லரோடு அப்படிச் செய்தால் புகைபோக்கியின் வெப்பம் ஏறும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவும் கியர் பெட்டியும் வதைபடும். வண்டியில் டோ-ஹால் மோடு, அதாவது சுமை இழுப்பதற்கேற்பக் கியரை மாற்றும் அமைப்பு, இருந்தால் தயங்காமல் போடுங்கள். அது கீழ் கியருக்கு இறங்கும்போது எஞ்சின் சத்தம் கூடுவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

இனி வெறும் வண்டி. பெட்ரோல் எஞ்சினில் குறைந்த சக்தி போதும் என்னும்போது த்ராட்டில், காற்று வரும் வழியைக் குறுக்குகிறது. அந்தக் குறுகிய வழியில் காற்றை உறிஞ்சவே எஞ்சின் உழைப்பு வீணாகும். டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது தெளிக்கும் டீசலின் அளவு; அதற்காகக் காற்று வழியைக் குறுக்க வேண்டியதில்லை. அதனால்தான் இவ்வளவு பெரிய எஞ்சின் வெறும் வண்டியை இழுக்கும்போதும் கௌரவமான மைலேஜ் தருகிறது. ஒரே சாலை, ஒரே வேகம் என்றால் அந்த எண் மாதாமாதம் பெரிதாக மாறாது. அது சரியத் தொடங்கினால் வண்டி ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

எங்கள் அனுபவத்தில் முதலில் பார்ப்பது டயர் காற்று, ஏர் ஃபில்டர், இறுகிப் பிடித்த பிரேக். அடுத்து டர்போவிலிருந்து வரும் குழாய்களில் கசிவு. பிறகு டி.பி.எஃப். எனப்படும் கரிப்புகை வடிகட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். டிரெய்லர் இழுக்கும் வண்டியில் புகையே நல்ல சூடாக இருப்பதால் கரி சிறிது சிறிதாகத் தானே எரிந்துவிடும். வெறும் வண்டியை இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திக்கொண்டே இருந்தால் சூடு ஏறாது, கரி நிரம்பும். அதை எரிக்க எஞ்சின் கூடுதல் டீசலைச் செலவழிக்கும். பாதியிலேயே வண்டியை அணைத்தால் அடுத்த முறை மறுபடி தொடங்கும். சில எஞ்சின்களில் அந்தக் கூடுதல் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் உடனே காட்டுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைக் கெடுக்கும். வடிகட்டியைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், அந்தக் கரி போய்ச் சேருவது மனிதர்களின் நுரையீரலில்.

வண்டியை ஸ்டார்ட் செய்தபடி நிறுத்திவைப்பதும் இதே வகைதான். ஓடாத நேரத்தின் டீசல் மைலேஜ் கணக்கில் அப்படியே சேரும், கரியும் சேரும்.

பெரிய டயர் மாற்றியவர்களுக்கு ஒரு குறிப்பு. டயரின் விட்டம் 5 சதவீதம் கூடினால், திருத்தாத ஓடோமீட்டர் போன தூரத்தை ஏறக்குறைய அதே அளவு குறைத்துக் காட்டும். மைலேஜ் விழுந்ததில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழையாக இருக்கலாம்.

டாஷ்போர்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, போட்ட லிட்டரால் தூரத்தை வகுங்கள். அமெரிக்காவில் 8,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 3,850 கிலோவுக்கு மேல் மொத்த எடைத் தகுதி (வண்டியும் அதில் ஏற்றும் சுமையும் சேர்ந்த உச்ச எடை) உள்ள பிக்கப்களுக்கு அரசின் மைலேஜ் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கு நீங்கள் எழுதிவைக்கும் நோட்டுதான் ஆதாரம். டிரெய்லர் பயணத்தையும் வெறும் பயணத்தையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கலந்து எழுதிய சராசரியை வைத்து எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது.

இழுவைப் பக்கத்தில் மட்டும் திடீரென்று எண் விழுந்து, வெறும் வண்டிப் பக்கம் பழையபடியே இருந்தால், பிக்கப்பை விட்டுவிட்டு டிரெய்லரைப் பாருங்கள். பத்து நிமிடம் ஓட்டி, பிரேக்கை அதிகம் தொடாமல் ஓரம் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. அந்தச் சக்கரத்தைச் சரிசெய்யாமல் அடுத்த பயணம் வேண்டாம்.