டைல்ஸ் கடைக்குப் போகும் முன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

பழைய வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று என்னை அழைப்பவர்களில் பலர், நான் போய்ச் சேர்வதற்குள் டைல்ஸைத் தேர்ந்தெடுத்து முடித்திருப்பார்கள். திருவல்லிக்கேணியிலும் புரசைவாக்கத்திலும் ராயபுரத்திலும் இத்தகைய வீடுகள் ஏராளம். 400, 500 சதுர அடி. இரு பக்கமும் அடுத்த வீட்டுக்காரரோடு பொதுச்சுவர். நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. கையில் நான்கைந்து லட்சம் இருக்கும், அதில் ஒரு பகுதி நகைக்கடன். அந்தப் பணத்துக்குள் தரை பளபளக்க வேண்டும், சமையலறைக்கு அலமாரி வேண்டும், கூடமும் படுக்கையறையும் ஒன்றாகிப் பெரிதாகத் தெரிய வேண்டும். ஆசை நியாயமானதுதான். ஆனால் செலவின் வரிசை தலைகீழாக இருக்கிறது. கட்டடப் பொறியாளராக நான் முதலில் பார்க்க விரும்புவது மொட்டை மாடியை.

கூரை ஒழுகும் வீட்டில் மற்ற எந்த வேலையும் நிலைக்காது. சென்னையின் பழைய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகைக் கூரைகளைப் பார்க்கலாம். ஒன்று, தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்த 'மெட்ராஸ் டெரஸ்'. நன்றாகப் பராமரித்தால் நூறாண்டு நிற்கக்கூடிய கூரை இது. இதன் பலவீனம், கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடம். மேலே தட்டோட்டின் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் மெல்ல இறங்கி அந்த நுனியில் தங்கும். வெளியே தெரியும் பகுதி வழுவழுப்பாக இருக்க, சுவருக்குள் இருக்கும் பகுதி இற்றுப் போயிருக்கும். ஸ்குரூ டிரைவரால் சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, ஒழுகலை நிறுத்துவதற்காக மேலே ஒரு சிமென்ட் கான்கிரீட் தளம் போடுவது. 400 சதுர அடிக் கூரையில் 3 அங்குலம் கான்கிரீட் போட்டால் ஏறத்தாழ 7 டன் எடை கூடுகிறது. ஏற்கெனவே இற்றுப்போன கட்டைகளின் மேல் இந்தச் சுமையை ஏற்றிவிட்டு, அதன் கீழே குழந்தைகளைத் தூங்க வைக்கிறோம். பழைய தட்டோட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் வழிந்தோடும் வாட்டத்தைச் சரிசெய்து, சுண்ணாம்புக் கலவையிலேயே மீண்டும் பதிப்பதுதான் சரி. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், தேடத்தான் வேண்டும்.

இரண்டாவது வகை, 1970, 80களில் போட்ட கான்கிரீட் தளம். இதில் நோயின் அடையாளம், சீலிங்கில் காரை உதிர்ந்து கம்பி தெரிவது. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். அந்த விரிவுதான் காரையைத் தள்ளி விழவைக்கிறது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்றால் இது வேகமாக நடக்கும். உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பதைப் பழுதுபார்ப்பு என்று நினைக்காதீர்கள். உள்ளே துரு ஓயாது. சில ஆண்டுகளில் அதே இடம் இன்னும் பெரிதாக விழும். தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கி, பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். வேலை நடக்கும்போது கீழே முட்டு கொடுத்திருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போட்டு இதை மறைப்பவர்களும் உண்டு. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. விழுவதற்கு முன் வீடு காட்டும் ஒரே எச்சரிக்கையை அது நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

அடுத்தது சுவர். "இது நாலரை இஞ்ச் சுவர்தான் சார், எடுத்துவிடலாம்" என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். 9 அங்குலச் சுவர் பாரம் தாங்கும், நாலரை அங்குலம் வெறும் தடுப்பு என்ற கணக்கு பல இடங்களில் பொருந்தும், எல்லா இடங்களிலும் அல்ல. பழைய வீடுகள் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. பின்னால் மாடியில் ஓர் அறை எழுப்பியிருப்பார்கள். அதன் சுவர் கீழே இந்த நாலரை அங்குலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். புரசைவாக்கத்தில் ஒரு வீட்டில், மகன் திருமணத்துக்கு முன் கூடத்தைப் பெரிதாக்க இப்படி ஒரு சுவரைப் பாதி இடித்த பிறகு என்னை அழைத்தார்கள். மாடி அறையின் கதவு மூட வரவில்லை. அதன் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. உடனே முட்டு கொடுத்து, இரும்பு பீம் ஏற்றி நிறுத்தினோம். டைல்ஸுக்கு வைத்திருந்த பணம் அந்த பீமுக்குப் போய்விட்டது. அதே சுவரில் மேலே லிண்டலோடு (திறப்புக்கு மேல் பாரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) 5 அடி அகலத்தில் ஒரு திறப்பு மட்டும் வைத்திருந்தால் வெளிச்சமும் விசாலமும் கிடைத்திருக்கும், செலவும் அடங்கியிருக்கும். பொதுச்சுவரில் கை வைப்பதோ இன்னும் ஆபத்து. அடுத்த வீட்டின் கூரைக் கட்டைகளும் அதே சுவரில்தான் நுழைந்திருக்கும். பொறியாளரிடம் கேட்காமலும் அண்டை வீட்டாரிடம் சொல்லாமலும் அதில் ஒரு செங்கல்லைக்கூட உருவக் கூடாது.

சுவரில் ஈரமும் உப்பும் பூத்திருந்தால் சிமென்ட் பூச்சு அதைத் தீர்க்காது. சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும் தன்மை கொண்டது. சிமென்டால் அதை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, மேலே ஏறி, பூச்சுக்கு மேற்புறம் பொரியத் தொடங்கும். முதலில் ஈரம் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். குளியலறைக் குழாயா, பின்பக்கச் சாக்கடையா, மழைநீர்க் குழாயா? பல வீடுகளில் சுவருக்குள் துருப்பிடித்த ஜிஐ குழாய்தான் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) காரணம். தரை போடும் முன்பே அதை மாற்றிவிட வேண்டும்.

மின்சாரத்தில் பேரம் பேசாதீர்கள். விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே போட்ட பழைய ஒயரில் இன்று ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஓடுகின்றன. ஏசிக்கும் கீசருக்கும் போர்டிலிருந்து தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் வர வேண்டும். எர்த் இணைப்பைச் சோதித்துப் பாருங்கள். பல வீடுகளில் அது இருக்கவே இருக்காது. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று பொருத்தச் சில ஆயிரம் ரூபாய்தான். ஈரக்கையோடு கீசரைத் தொடும் ஒருவரின் உயிரை நொடிக்கும் குறைவான நேரத்தில் காப்பது அது.

இவை முடிந்த பிறகு மிஞ்சும் பணத்தில் இடத்தைப் பெரிதாகக் காட்டலாம். அதற்கு வழிகள் இருக்கின்றன. முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடாதீர்கள். அந்த வீட்டின் மூக்கும் கண்ணும் அதுதான். மழைக்குப் பயந்தால், பக்கவாட்டில் காற்று போக இடைவெளி விட்டு, ஒளி ஊடுருவும் தகடு போட்டுக்கொள்ளலாம். உள்ளே திறக்கும் கதவைச் சறுக்குக் கதவாக மாற்றினால் கதவு திரும்பும் இடம் மிச்சமாகும். பழைய பரணைச் செப்பனிட்டுக் கதவு போட்டால் கட்டில் அடியில் கிடக்கும் பெட்டிகள் எல்லாம் மேலேறிவிடும். சிவப்பு ஆக்சைடு தரை விரிசல் இல்லாமல் இருந்தால் பாலிஷ் போட்டாலே போதும். அதன் குளிர்ச்சியையும் அழகையும் விட்டுவிட்டு அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்று. கூலி மட்டுமா, பொருளோடு சேர்த்தா, எந்த ஒயர், எந்தக் குழாய் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசித் தவணையை ஒரு மழையாவது பார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். இந்த மழையில் எந்த மூலை ஒழுகுகிறது, எந்தச் சுவர் நனைகிறது என்று கைப்பேசியில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பொறியாளருக்கு அந்தப் படங்களைவிட உதவியான ஆவணம் வேறில்லை. தை பிறந்ததும் கூரை வேலையைத் தொடங்கினால் அடுத்த மழைக்கு முன் மற்ற வேலைகளையும் முடித்துவிடலாம்.